இஃப், எலிஃப் நிபந்தனைகளை எந்த வரிசையில் எழுத வேண்டும்?

கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையின் நீர்மட்டத்தை உள்ளிட்டால் எச்சரிக்கை தரும் பைத்தான் நிரலில், 51 அடி என்று கொடுத்தாலும் ‘அபாயம்’ வராமல் ‘கவனம்’ என்றே வருவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். பிழை நிபந்தனைகளின் வரிசையில் இருக்கிறது.

இஃப் (if, ‘இப்படியானால்’), எலிஃப் (elif, ‘இல்லை, இப்படியானால்’), எல்ஸ் (else, ‘எதுவும் இல்லையானால்’) தொடரைப் பைத்தான் மேலிருந்து கீழாகச் சோதித்து, முதலில் மெய்யாகும் கிளையை மட்டும் இயக்கிவிட்டு, எஞ்சியவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வெளியேறிவிடும். நீங்கள் ‘40-க்கு மேல்’ என்பதை இஃபிலும் ‘50-க்கு மேல்’ என்பதை எலிஃபிலும் வைத்திருப்பதால், 51 முதல் வாசலிலேயே நின்றுவிடுகிறது. இரண்டாவது கிளைக்கு எந்த எண்ணும் ஒருபோதும் போய்ச் சேராது. ஆகவே 50-ஐ மேலேயும், 40-ஐ அதன் கீழேயும், எல்ஸைக் கடைசியிலும் வையுங்கள்.

எலிஃபை இன்னொரு இஃப் ஆக மாற்றினால் போதும் என்று சிலர் சொல்வார்கள். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அப்போது இரண்டும் தனித்தனிச் சோதனைகளாகி, 51 அடிக்கு இரண்டு செய்திகளும் அச்சாகும். ஆற்றங்கரையில் இருப்பவர் எதை நம்புவார்?

சரியாக 50 அடி இருக்கும்போது, ‘>’ குறி அதைக் ‘கவனம்’ கிளைக்கும் ‘>=’ குறி ‘அபாயம்’ கிளைக்கும் அனுப்பும். அணையின் முழு உயரமே 52 அடி என்பதால், இங்கே ‘>=’ குறியே பொருத்தமானது.

மேலும், இன்புட் (input) தரும் சரத்தை, அதாவது எழுத்துத் தொடரை, முழு எண்ணாக்கும் இன்ட் (int) கொண்டு மாற்றியிருக்கிறீர்கள், 49.8 என்று யாரேனும் உள்ளிட்டால் வேல்யூஎரர் (ValueError) என்ற பிழை வரும். தசம எண்ணையும் ஏற்கும் ஃப்ளோட் (float) பயன்படுத்துங்கள்.