சேனலை யார் மூடுவது?

கேள்வி: கோ மொழியில் மூன்று கோரூட்டீன்கள் (ஒரே சமயத்தில் ஓடும் தனித்தனி வேலைகள்) ஒரே சேனலில் (அவற்றுக்கிடையே மதிப்புகளைக் கடத்தும் குழாய்) முடிவுகளை அனுப்புகின்றன. மெயினில் ரேஞ்ச் (சேனல் மூடப்படும்வரை ஒவ்வொன்றாக எடுக்கும் லூப்) போட்டு வாங்குகிறேன். எல்லாம் சரியாக வந்து சேர்ந்த பிறகு, ‘ஆல் கோரூட்டீன்ஸ் ஆர் அஸ்லீப்’ என்று புரோகிராம் விழுந்துவிடுகிறது. ஒவ்வொரு கோரூட்டீனின் கடைசியிலும் குளோஸ் (சேனலை மூடும் கட்டளை) போட்டேன்; இப்போது பேனிக் ஆகி, அதாவது பிழையோடு, நின்றுவிடுகிறது. பஃபரை (வாங்கும்வரை சேனலில் தேங்கக்கூடிய எண்ணிக்கை) 100 ஆக்கியும் பயனில்லை.

பதில்: இனி எதுவும் வராது என்று உங்கள் ரேஞ்சுக்கு யாரும் சொல்லவில்லை. மூன்றும் வேலையை முடித்துப் போய்விட்டன, மெயின் மட்டும் காத்துக் கிடக்கிறது. அதைச் சொல்ல குளோஸ்தான் வழி. ஆனால் ஆளுக்கொரு குளோஸ் போட்டால், முதலில் முடித்தது மூடிய சேனலில் அடுத்தது அனுப்பப் போய் பேனிக். அனுப்ப எதுவும் மிச்சமில்லை என்றாலும், மூடியதை மறுபடி மூடுவதும் பேனிக்தான்.

மூடும் வேலையை நான்காவதாக ஒரு கோரூட்டீனிடம் கொடுங்கள். வெயிட்குரூப்பில் (எத்தனை வேலை மிச்சம் என்று எண்ணும் கவுண்டர்) ஆட் 3 போட்டுவிட்டு மூன்றையும் கிளப்புங்கள். ஒவ்வொன்றின் முதல் வரியிலும் டிஃபர் வைத்து டன்: கோரூட்டீன் முடியும்போது கவுண்டரில் ஒன்று குறையும். நான்காவதுக்கு இரண்டே வரி: வெயிட் (கவுண்டர் பூஜ்யமாகும்வரை காத்திருப்பது), அப்புறம் குளோஸ். ஆட் வரியை கோரூட்டீனுக்கு உள்ளே போடாதீர்கள். அது ஓடத் தொடங்கும் முன்பே வெயிட் பூஜ்யத்தைப் பார்த்துத் தாண்டிவிடலாம்.

அந்த வெயிட்டை மெயினிலேயே, ரேஞ்சுக்கு மேலே எழுதிவிடுகிறவர்கள் நிறைய. பஃபர் இல்லாத சேனலில், வாங்க ஆள் வரும்வரை அனுப்பும் வரி நகராது. மெயின் அவற்றுக்காக நிற்கும், அவை மெயினுக்காக நிற்கும். பஃபர் 100 என்றால் இந்தத் தப்பான புரோகிராமும் ஓடிவிடும், முடிவுகள் 100ஐத் தாண்டும் நாள்வரை! அதனால் முதலில் பஃபரே இல்லாமல் சரியாக ஓட வையுங்கள். வேகம் போதவில்லை என்றால் பிறகு பார்க்கலாம்.

நீங்கள் கேட்காத ஒன்று. ஏதோ பிழை வந்து மெயின் லூப்பைப் பாதியில் பிரேக் செய்தால், மற்றவை அனுப்பும் வரியிலேயே தொங்கும். மெயின் வேறு வேலையாக ஓடிக்கொண்டிருப்பதால் கோவின் ரன்டைம் டெட்லாக் (எல்லாம் காத்து முடங்கிவிட்டது) என்று கத்தாது. சர்வரில் மெமரி மெல்ல ஏறிக்கொண்டே போகும். அனுப்பும் வரியை செலக்டுக்குள் (பல கேஸ்களில் எது முதலில் தயாரோ அதைச் செய்யும் கட்டளை) வைத்து, இன்னொரு கேஸில் கான்டெக்ஸ்டின் (வேலையை நிறுத்தச் சொல்லும் சிக்னலைக் கொண்டுசெல்வது) டன் சேனலைக் கவனிக்க வையுங்கள். அந்தக் கேஸ் வந்தால் ரிட்டர்ன். மெயின் லூப்பை விட்டு வெளியேறும்போது அந்தக் கான்டெக்ஸ்டின் கேன்சலைக் கூப்பிட்டால் மூன்றும் கழன்றுகொள்ளும், நான்காவதும் வழக்கம்போல சேனலை மூடிவிட்டுப் போகும்.