அவள் ஏன் கிளம்பி வருவதில்லை?

கேள்வி: கல்யாணமாகி லண்டன், அமெரிக்கா என்று போகும் நம் பக்கத்துப் பெண்களைப் பற்றிய நாவல்களை விரும்பிப் படிக்கிறேன். ஆனால் ஒரு விஷயம் எரிச்சலாக இருக்கிறது. படித்த பெண், புருஷனோடு ஒத்துவரவில்லை, இருந்தும் வருஷக்கணக்கில் ஜன்னலோரம் நின்று அழுகிறாள். கிளம்பி வரவேண்டியதுதானே?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: எனக்கும் அந்த எரிச்சல் இருந்தது. அதில் பாதிக் குற்றம் எழுதியவருடையது என்று இப்போது நினைக்கிறேன். மாமியார், தாலி, ஊர் என்ன சொல்லும் என்பதையெல்லாம் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் விசாவைப் பற்றி ஒரு வரிகூட எழுதுவதில்லை. அமெரிக்காவில் எச்-1பி விசாவில் வேலை பார்ப்பவரின் மனைவிக்குக் கிடைப்பது எச்-4. அவர் விசா போனால் இவளுடையதும் போச்சு, விவாகரத்து ஆனாலும் போச்சு. 2015 மே மாதம் வரை எச்-4ல் இருந்தவர்கள் யாருமே அங்கே சம்பளத்துக்கு வேலை பார்க்க முடியாது. அதற்கப்புறமும், கணவரின் கிரீன் கார்டு விண்ணப்பம் ஒரு கட்டத்தைத் தாண்டியிருந்தால்தான் பெரும்பாலும் அனுமதி. எம்.இ. முடித்தவள், ஊருக்கு டிக்கெட் போடக்கூட அவரிடம்தான் கேட்கவேண்டும். குழந்தை இருந்தால் இன்னும் சிக்கல், அப்பா சம்மதிக்காமல் தூக்கிக்கொண்டு வந்தால் வழக்கே வரலாம். இதையெல்லாம் சொல்லாமல் அவளை ஜன்னலோரம் நிறுத்தினால், படிக்கிற நமக்கு அவள் கோழையாகத்தான் தெரிவாள்.

மோனிகா அலியின் ‘பிரிக் லேன்’ (2003) ஆங்கில நாவலைத் தேடிப் படியுங்கள். வங்கதேசக் கிராமத்திலிருந்து நஸ்னீன் என்ற பெண் தன்னைவிட மிகவும் மூத்த ஒருவரைக் கட்டிக்கொண்டு லண்டன் வருகிறாள். கணவர் சானு கொடுமைக்காரர் இல்லை, நிறையப் பேசுகிறவர், பெரிய பெரிய திட்டம் போட்டு எதுவும் கைகூடாதவர். எனக்குப் பிடித்ததே அதுதான், வில்லன் இல்லாமலே அவளுக்கு மூச்சு முட்டுகிறது. அப்புறம் வீட்டுக்கே ஒரு தையல் மெஷின் வருகிறது, கூலிக்குத் தைக்கிறாள், அவள் உழைத்த காசு வீட்டுக்கு வர ஆரம்பிக்கிறது. அந்த இடத்திலிருந்து அவள் பேச்சு, யோசனை எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மாறுவதைக் கவனியுங்கள். கடைசியில் டாக்காவுக்கு விமானம் ஏறுவது சானுதான். இரண்டு பெண் பிள்ளைகளோடு நஸ்னீன் லண்டனிலேயே இருந்துவிடுகிறாள்.

படித்து முடித்ததும் எனக்கு எழுதுங்கள், அவள் மேலும் எரிச்சல் வருகிறதா என்று தெரிந்துகொள்ள ஆசை.