தரவு வருகிறது, ஃபிக்ஸ் வரவில்லை: வாசகர் கேள்விகள்

கேள்வி: கரும்புத் தோட்டத்தில் டிராக்டரை வரிசை பிசகாமல் ஓட்ட இரட்டை அலைவரிசை ஜிபிஎஸ் ரிசீவர் வைத்திருக்கிறோம். ட்ரிக்நெட்டின் (தென்னாப்பிரிக்காவின் நிலையான ஜிபிஎஸ் நிலைய வலையமைப்பு) பீட்டர்மாரிட்ஸ்பர்க் நிலையம் தரும் திருத்தத்தை என்ட்ரிப் (இணையத்தில் திருத்தம் அனுப்பும் முறை) வழியாகப் பிடிக்கிறோம். சில நாள் ‘இணைந்தது’ என்று காட்டியும் பயனில்லை. மற்ற நாள்களில் சென்டிமீட்டர் துல்லியம் தரும் ஃபிக்ஸுக்குப் போகாமல், துல்லியம் குறைந்த ஃப்ளோட்டிலேயே நிற்கிறது.
– டொங்காட் வாசகர்

பதில்: இவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள். முதலாவதற்கு மவுண்ட்பாயின்ட்டை, அதாவது திருத்தம் அனுப்பும் காஸ்டர் சர்வரில் உங்கள் நிலையத்துக்குள்ள பெயரைப் பாருங்கள். ஓர் எழுத்து பிசகினாலும், என்ட்ரிப் முதல் பதிப்பில் காஸ்டர் பிழை என்று சொல்லாது. தன்னிடமுள்ள நிலையங்களின் பட்டியலை அனுப்பிவிடும். பைட்டுகள் வருவதைப் பார்த்து ரிசீவரும் திருப்தியாக இருக்கும்! பெயரைக் கையால் தட்டாதீர்கள். பட்டியலை இறக்கி அதிலிருந்து தேர்ந்தெடுங்கள். போர்ட் வழக்கமாக 2101.

ஃப்ளோட்டுக்குக் காரணம் தூரம். பீட்டர்மாரிட்ஸ்பர்க் உங்களுக்கு 70 கி.மீ. அளவில் இருக்கிறது. கிலோமீட்டருக்கு 1 மி.மீ. பிழை கூடும் என்பது ரிசீவர் கணக்கு மட்டுமே. இவ்வளவு தூரத்தில் இரண்டு இடங்களுக்கும் மேலுள்ள, செயற்கைக்கோள் சிக்னலைத் தாமதிக்கும் அயனி மண்டலம் ஒன்றுபோல இருக்காது. அதுவும் பிற்பகலில் மோசம். டர்பன் நிலையத்துக்கு மாறினால் தூரம் நன்றாகக் குறையும். அதுவும் சற்று அதிகமான தூரம்தான், ஆனால் ஃபிக்ஸ் கிடைக்க வாய்ப்புண்டு.

காலையில் ஃபிக்ஸ் இருந்து நடுவில் நழுவினால், திருத்தத்தின் வயதை, அதாவது கடைசித் திருத்தம் எத்தனை நொடி பழையது என்பதைப் பாருங்கள். 1, 2 நொடி சரி. 10 நொடியைத் தாண்டினால் பழுது செல்போன் இணைப்பில்தான். ஆன்டெனாவைக் கழற்ற வேண்டாம். மின்வெட்டு நீண்டு டவர் பேட்டரி இறங்கினாலும் இதே கதிதான்.

கேள்வி: வீட்டுக் கூரையில் சொந்த பேஸ் (திருத்தம் அனுப்பும் நிலையான ரிசீவர்) வைத்தேன். அதன் ஆயத்தொலைவை இணையக் கணிப்புச் சேவையில் பெற்றேன். ஃபிக்ஸ் அருமை; ஆனால் எல்லைக் கற்களில் ஒய், எக்ஸ் ஆயத்தொலைவுகள் இரண்டும் நில அளவைப் பதிவேட்டைவிட அரை மீட்டர் குறைவாக வருகின்றன.
– ஸ்டாங்கர் வாசகர்

பதில்: கற்களும் நகரவில்லை, ரிசீவரும் கெடவில்லை. அந்தச் சேவைகள் இன்றைய உலக ஆயத்தொலைவுச் சட்டகத்தில் விடை தருகின்றன. நம் பதிவேடோ ஹார்ட்டபீஸ்ட்ஹூக்94 (சுருக்கமாக ஹார்ட்94) என்னும் தென்னாப்பிரிக்கச் சட்டகத்தில் உள்ளது. அந்தச் சட்டகம் 1994 தொடக்கத்தில் உறைந்தது. ஆப்பிரிக்கத் தட்டு ஆண்டுக்குச் சுமார் 2.5 செ.மீ. வடகிழக்கே நகர்கிறது. நில அளவையில் பயன்படும் நம் லோ ஆயத்தொலைவு அமைப்பில் ஒய் மேற்கேயும் எக்ஸ் தெற்கேயும் கூடுவதால், இரண்டுமே குறைந்து தெரிகின்றன.

பேஸ் சொல்லும் இடத்தையே ரோவர் (களத்தில் நகரும் ரிசீவர்) நம்பும். பேஸை 24 மணி நேரம் பதிவு செய்து, ட்ரிக்நெட்டின் அதே நாள் தரவோடு கணக்கிட்டு, கிடைக்கும் ஹார்ட்94 மதிப்பை, பேஸின் இடத்தை ரோவருக்குச் சொல்லும் 1006 செய்தியில் இடுங்கள். ஆன்டெனா உயரத்தை இருமுறை சேர்த்துவிடாதீர்கள். அடிக்கடி நடக்கும் தவறு அது.

கேள்வி: திருத்தத்தைப் பெற மாத டேட்டா எவ்வளவு தின்னும்?
– சாட்ஸ்வர்த் வாசகர்

பதில்: நொடிக்கு அரை கிலோபைட் என்று வைத்தால் மணிக்கு 2 எம்பிகூட ஆகாது. அதை மாதத்தில் நீங்கள் ஓட்டும் மணிகளால் பெருக்கிக்கொள்ளுங்கள்.