புத்தக அலமாரியே கதவானால்: எடை எங்கே இறங்க வேண்டும்?

கேள்வி: சிங்கப்பூரின் செங்காங்கில் நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் வசிக்கிறேன். வரவேற்பறையிலிருந்து படிப்பறைக்குச் செல்லும் வாசலில், கதவே தெரியாதபடி ஒரு புத்தக அலமாரியைக் கதவாக நானே செய்து பொருத்த விரும்புகிறேன். நிலைக்குள் 860 மி.மீ. அகலம் இருக்கிறது. வழக்கமான கீல்களோடு அடியில் ஒரு சக்கரம் வைத்தால் போதும் என்கிறார் நண்பர். அது சரியா? பாம் ஷெல்டர் எனப்படும் வீட்டுப் பாதுகாப்பறையின் கதவையும் இப்படி மறைக்கலாமா?

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். பாதுகாப்பறையின் இரும்புக் கதவைக் கழற்றவோ மாற்றியமைக்கவோ விதி இடந்தராது. அக்கதவு வெளிப்புறமாகத் திறப்பது. அதன் முன்னால் நூறு கிலோ எடையுள்ள ஒரு பெட்டி நின்றால், அவசரத்தில் யாரும் உள்ளே போக முடியாது. படிப்பறை வாசலில் நீங்கள் தாராளமாகச் செய்யலாம். ஆனால் அகலம் போதவில்லை என்று சுவரை உடைக்க நினைத்தால், வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அனுமதி பெறாமல் தொடாதீர்கள்.

இனி எடைக்கு வருவோம், ஏனெனில் இந்த வேலையின் வெற்றி தோல்வி அதில்தான் இருக்கிறது. டெமி அளவுத் (வழக்கமான நடுத்தர நூல் அளவு) தமிழ்ப் புத்தகங்களை நெருக்கமாக அடுக்கினால் ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 20 கிலோ வரும். 800 மி.மீ. அகலமும் 2 மீட்டர் உயரமும் கொண்ட அலமாரியில் ஐந்து தட்டுகள் இருந்தால் புத்தகங்கள் மட்டும் 75 கிலோவை எட்டும். பலகையின் எடையையும் சேர்த்தால் 100 கிலோ. கதவு திறந்திருக்கும்போது இந்த எடை முழுவதும் ஒரே ஓரத்தில் தொங்குகிறது. சாதாரணக் கீல்களானால் அதை நிலையின் மரமும் அதைப் பிடித்திருக்கும் திருகாணிகளும் தாங்க வேண்டும். புதிய வீடுகளின் உட்சுவர்கள் பலவும் எடை குறைந்த தடுப்புப் பலகைகள் என்பதால், நாளடைவில் திருகாணி தளர்ந்து நிலையே அசையத் தொடங்கும்.

ஆகவே பிவட் கீல் வாங்குங்கள். அதில் கீழ்முனை தரையில் ஊன்றி எடை முழுவதையும் ஏற்றுக்கொள்கிறது. மேல்முனை அலமாரி சாயாமல் பிடித்துக்கொள்ள மட்டுமே வேண்டும். 100 கிலோவின் மையம் முனையிலிருந்து 40 செ.மீ. தள்ளி இருப்பதால், 2 மீட்டர் உயரத்தில் மேல்முனை தாங்க வேண்டிய பக்கவாட்டு இழுப்பு சுமார் 20 கிலோ விசைதான். நிலையின் மேலே நன்கு பொருத்திய ஒரு தலைப்பலகை இதைத் தாங்கும். கீல் வந்த பெட்டியின் மீது அச்சிட்டிருக்கும் தாங்குதிறன் 150 கிலோவுக்குக் குறையாமல் இருக்கட்டும். தரையில் வினைல் பலகையை ஒட்டாமல் மிதக்க விட்டிருந்தால், கீல் தகடு அமரும் இடத்தில் மட்டும் அதை வெட்டியெடுத்து, அடியிலுள்ள திடமான தளத்தில் தகட்டை இறுக்குங்கள். நண்பர் சொன்ன சக்கரத்தை நான் பரிந்துரைப்பதில்லை. டைல் தரை கண்ணுக்குச் சமமாகத் தெரிந்தாலும் ரசமட்டம் வைத்தால் மேடு பள்ளம் புலப்படும். சக்கரம் மேட்டில் ஏறும்போது அலமாரி முழுவதும் தூக்கப்பட்டு மேல்முனை நெகிழும். வினைலில் வளைவான தடமும் விழும்.

அடுத்தது ஆழம். சாதாரணக் கதவு மெல்லியது, அலமாரி அப்படியல்ல. அது சுழலும்போது அதன் பின்மூலை மூலைவிட்ட நீளத்துக்கு வெளியே வீசும். 800 மி.மீ. அகலத்துக்கு 250 மி.மீ. ஆழம் வைத்தால் மூலைவிட்டம் 838, அதாவது 38 மி.மீ. கூடுதல் இடம் வேண்டும். ஆழத்தை 170 ஆக்கினால் 18 மி.மீ. போதும். டெமி புத்தகத்தின் அகலம் சுமார் 140 மி.மீ. என்பதால் அந்த ஆழமே உங்களுக்குப் பொருந்தும். உங்கள் 860இல் மீதமுள்ள 60 மி.மீட்டரில் கீல் பக்கம் 20, தாழ் பக்கம் 40 விடுங்கள். இடைவெளியை மறைக்கும் அலங்காரச் சட்டத்தைத் தாழ் பக்கத்தில் அலமாரியோடும், கீல் பக்கத்தில் நிலையோடும் பொருத்துங்கள். மாற்றிப் பொருத்தினால் கதவு திறக்காது. பலகை வெட்டுவதற்குமுன், பழைய நாட்காட்டி அட்டையில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு 160க்கு 34 மி.மீ. துண்டொன்றை வெட்டி, முன்மூலையில் குண்டூசி குத்திச் சுழற்றிப் பாருங்கள். எங்கே இடிக்கும் என்பதை விரலாலேயே உணர்வீர்கள்.

பெட்டி கோணாமல் இருப்பது முதுகுப்பலகையின் பொறுப்பு. நான் முதலில் செய்த மறைகதவில் 3 மி.மீ. பலகையை முதுகில் ஆணியடித்து விட்டேன். ஒரே மாதத்தில் தாழ் பக்கம் 4 மி.மீ. இறங்கி, திறக்கும்போதெல்லாம் டைலைக் கீறியது. கீலில் குறையென்று எண்ணி அதையே மூன்று முறை கழற்றி மாட்டினேன். மூலைமட்டம் வைத்துப் பார்த்தபோதுதான் செவ்வகமே சாய்ந்திருந்தது தெரிந்தது. முதுகுக்கு 9 மி.மீ. பிளைவுட்டைப் பசையோடு, 150 மி.மீட்டருக்கு ஒரு திருகாணி வீதம் எல்லா ஓரங்களிலும் எல்லாத் தட்டுகளிலும் இறுக்குங்கள். சட்டத்துக்கும் தட்டுகளுக்கும் 18 மி.மீ. பிளைவுட் நல்லது. காற்றின் ஈரப்பதம் சராசரியாகவே 80 விழுக்காட்டைத் தாண்டும் நம் ஊரில், மரத்துகளை அழுத்திச் செய்த சிப்போர்டு ஈரத்தை உறிஞ்சி உப்பும், திருகாணியின் பிடியும் போய்விடும். வெட்டிய ஓரங்களையும் வார்னிஷ் பூசி மூடுங்கள்.

தாழுக்கு, இழுத்தாலே விடுபடும் உருளைத் தாழ் ஒன்று போதும். வெளியே புத்தக முதுகைப் போன்ற இழுப்பான் வைப்பது உங்கள் விருப்பம். உட்புறத்தில் மட்டும், இருட்டிலும் கைக்கு அகப்படும் கைப்பிடி கட்டாயம் இருக்க வேண்டும். சாவிப் பூட்டு வேண்டாம். வீட்டில் குழந்தைகள் இருந்தால் கீல் பக்க இடைவெளியில் விரல் நுழையாதபடி ரப்பர் பட்டை ஒட்டுங்கள். துளையிடும் வேலையைத் திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 9 மணிக்கும் மாலை 5 மணிக்கும் இடையில் முடித்துக்கொள்ளுங்கள்.

காலி அலமாரி எளிதாகச் சுழன்றால் மட்டும் புத்தகங்களை ஏற்றுங்கள்: கனமானவை அடித்தட்டில், அதிலும் கீல் பக்கமாக. நிறைத்தபின் தாழ் பக்க அடியில் எத்தனை நாணயங்களை அடுக்கி நுழைக்க முடிகிறது என்று எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் கழித்து அதே நாணயங்கள் நுழையவில்லையென்றால், புத்தகங்களை இறக்கிவிட்டு, கீலைத் தொடுவதற்குமுன் முதுகுப்பலகையின் திருகாணிகளைச் சோதியுங்கள்.