டேங்க்கில் ஊர்ப்பெயர்: கடிதம்

வணக்கம். பாலக்கோடு பக்கம் எங்கள் ஊரில் புதிதாக ஓவர்ஹெட் டேங்க் கட்டியிருக்கிறார்கள். ஊர்ப்பெயரைப் பெரிதாக எழுதினால் மேலே போகும் விமானிக்கு வழி தெரியும் என்கிறார் பெயின்டர். படங்களில் சிவப்பு வெள்ளைக் கட்டம் போட்ட டேங்க்குகளைப் பார்த்திருக்கிறேன். அதுவும் வழிகாட்டத்தானா?

இளங்கோ

அன்புள்ள இளங்கோ,

கட்டம் வழிகாட்ட அல்ல, மோதிவிடாமல் இருக்க. விமான ஓடுதளத்துக்கு அருகே, விமானம் ஏறி இறங்கும் வெளிக்குள் தலைநீட்டுபவற்றுக்குத்தான் அது. சர்வதேச விதிப்படி ஒவ்வொரு கட்டமும் 1.5 முதல் 3 மீட்டர். ஆரஞ்சு வெள்ளை அல்லது சிவப்பு வெள்ளை. மூலைகளில் அடர்நிறம்தான் வரவேண்டும். இரவுக்கு உச்சியில் சிவப்பு விளக்கு. பக்கவாட்டில் ஒன்றை மட்டும் மாட்டினால் டேங்க்கே மறுபக்கத்தை மறைத்துவிடும். இந்தக் கவலை ஓசூரை ஒட்டிய பேளகொண்டப்பள்ளி ஓடுதளத்தைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு உண்டு. பாலக்கோடு வெகு தொலைவு.

பெயின்டர் சொன்னதும் வெறும் கதையல்ல. 1930களில் அமெரிக்காவில் ஃபீபி ஓம்லி என்ற பெண் விமானியின் முயற்சியால் கூரைகளிலும் தண்ணீர்த் தொட்டிகளிலும் ஊர்ப்பெயர் எழுதினார்கள். இரண்டாம் உலகப் போர் வந்ததும், எதிரிக்கும் அது வழிகாட்டுமே என்று கடலோரத்தில் அழித்தார்கள்.

பெயர் இல்லாத டேங்க் மோசமான அடையாளம். ஊருக்கு ஊர் ஒரே அச்சு. ஆயிரம் அடி உயரத்திலிருந்து நேர் கீழே பார்த்தால் 15 மீட்டர் உயர டேங்க் தரையோடு ஒட்டிய வட்டம், அவ்வளவுதான். காட்டிக்கொடுப்பது நிழல். சூரியன் 15 டிகிரி உயரத்தில் இருக்கும் காலை வேளையில் நிழல் 56 மீட்டர் நீளும். ஏப்ரல் கடைசியில், உச்சிவெயிலில், நிழல் டேங்க்கின் காலடியிலேயே சுருண்டுவிடும்.

கண்பார்வையால் வழி பார்க்கும் பயிற்சி விமானிக்கு வரிசை முக்கியம்: முதலில் கடிகாரம், பிறகு வரைபடம், கடைசியில் தரை. 100 நாட் (மணிக்குச் சுமார் 185 கிலோமீட்டர்) வேகத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3 கிலோமீட்டர். எத்தனை நிமிடத்தில் எந்த ஊர் என்று கணக்குப் போட்டபின்தான் குனிந்து பார்க்க வேண்டும். தலைகீழாக, கீழே ஒரு டேங்க்கைக் கண்டுவிட்டு வரைபடத்தைத் துழாவினால் எந்த ஊரும் பொருந்தும். வழி தவறுவது பெரும்பாலும் இப்படித்தான். கீழே தர்மபுரி என்று தோன்றினால் ரயில் பாதையைத் தேட வேண்டும். தண்டவாளமே இல்லாமல் நாலாபக்கமும் நெடுஞ்சாலை பிரிந்தால் அது கிருஷ்ணகிரியாக இருக்கலாம்.

அடையாளமாகத் தேங்கிய நீர் டேங்க்கைவிட மேல், ஆனால் ஏமாற்றும். கிருஷ்ணகிரி பக்கத்து கே.ஆர்.பி. அணை கோடையில் வற்றினால் நீர்ப்பரப்பு வரைபடத்து வடிவத்தில் இருக்காது. அசையாத அணைச்சுவரைத்தான் நம்பலாம். சூரியனை நோக்கிப் பறக்கும்போது தண்ணீர் எட்டத்திலேயே தகடாக மின்னும். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருந்தால் அதே தண்ணீர் கறுத்துக் கிடக்கும், சட்டென்று கண்ணில் படாது.

இனி பெயின்ட். விமானி படிக்க வேண்டுமானால் பக்கச்சுவரில் எழுதிப் பயனில்லை, மேல்தளத்தில் எழுத வேண்டும். ஆயிரம் அடியிலிருந்து நல்ல கண்ணுக்கே அரை மீட்டர் எழுத்து மட்டுமட்டாகத்தான் பிடிபடும்; ஓடும் விமானத்திலிருந்து படிக்க 2 மீட்டராவது வேண்டும். ‘பாலக்கோடு’ என்று எழுதினாலே கொம்பு, கால் எல்லாம் சேர்த்து எட்டு உரு, 16 மீட்டர். ஆறேழு மீட்டர் அகல டேங்க்கில் எங்கே அடக்குவது? பக்கச்சுவரிலேயே எழுதச் சொல்லுங்கள். பஸ்ஸில் வருகிறவர்கள் படிப்பார்கள்.