ஒரே ஒரு ஆட்டம் என்றால், ஜோ மான்டானா

கேள்வி: ஒரே ஒரு சாம்பியன்ஷிப் ஆட்டம், ஜெயித்தே ஆக வேண்டும். அமெரிக்கக் கால்பந்து வரலாற்றிலிருந்து எந்தக் குவாட்டர்பேக்கை (தாக்குதலை நடத்தி, பந்தை வீசுபவரை) எடுப்பீர்கள்? மான்டானா, பிராடி, எல்வே, பெய்டன் மேனிங், மஹோம்ஸ், அல்லது வேறு யாராவது?

ஜோ மான்டானா.

கேள்வியை இரண்டு முறை படித்துவிட்டுத்தான் சொல்கிறேன். "எல்லாக் காலத்திலும் பெரிய குவாட்டர்பேக் யார்" என்று கேட்டிருந்தால் டாம் பிராடி என்று எழுதிவிட்டுப் போயிருப்பேன். 10 சூப்பர் பவுல் (லீக்கின் இறுதி ஆட்டம்) ஆடி 7 முறை ஜெயித்தவருக்கு எதிராக யார் வாதாட முடியும்? ஆனால் நீங்கள் கேட்டது ஒரே ஒரு மாலைப் பொழுதைப் பற்றி. அன்றைக்குத் தவறு நடந்தால் சரிசெய்ய அடுத்த வாரம் கிடையாது, அடுத்த சீசன் கிடையாது. அதனால் என் அளவுகோல் ஒன்றே ஒன்றுதான்: அன்று பந்தை எதிராளி கையில் கொடுக்காமல் இருக்கப்போவது யார்?

மான்டானா சான் பிரான்சிஸ்கோ 49யர்ஸ் அணிக்காக நான்கு சூப்பர் பவுல் ஆடினார். 1982, 1985, 1989, 1990, எல்லாம் ஜனவரியில். நான்கிலும் வெற்றி. அந்த நான்கு ஆட்டங்களையும் சேர்த்தால் 122 முறை பந்தை வீசியிருக்கிறார். 83 முறை தன் ஆள் பிடித்தார், 11 டச்டவுன் (பந்தை எதிரணியின் கோல் எல்லைக்குள் சேர்ப்பது). எதிரணி பிடித்தது எத்தனை? ஒன்றுகூட இல்லை. இந்த விளையாட்டை அதிகம் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: 120 கிலோவுக்கு மேல் எடையுள்ள ஆட்கள் தன்மேல் விழ ஓடி வரும்போது, இரண்டரை வினாடிக்குள், நகர்ந்துகொண்டிருக்கும் ஒருவருக்கு, அவரை ஒட்டியே ஓடும் இன்னொருவர் கைக்கு எட்டாதபடி வீச வேண்டும். இதை நாட்டிலேயே சிறந்த தடுப்பாட்டங்களுக்கு எதிராக 122 முறை செய்து ஒன்றுகூடப் பறிபோகவில்லை. பிராடி சூப்பர் பவுல்களில் 21 டச்டவுன் வீசினார், 6 இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துக்கொண்ட வீச்சு) கொடுத்தார். பத்து ஆட்டத்துக்கு ஆறு என்பது நல்ல கணக்குதான். ஆனால் அந்த ஆறில் ஒன்று என் ஆட்டத்தில் வந்து விழுந்தால்?

எனக்கு இந்த விளையாட்டைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் சான் ஹோசேயில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர். நான் கலிபோர்னியா வந்த புதிதில் ஒன்றும் புரியாது. நான்கு நொடி ஓடுவார்கள், நாற்பது நொடி நிற்பார்கள், இதில் என்ன இருக்கிறது என்று நினைப்பேன். அவர் ஒருநாள் பழைய ஆட்டம் ஒன்றைப் போட்டு, மான்டானா பந்தை வாங்கியதும் நிறுத்தினார். "கையைப் பார்க்காதே. காலைப் பார்" என்றார். மறுபடி ஓடவிட்டார். பின்னால் மூன்று எட்டு. மூன்றாவது எட்டில் பாதம் ஊன்றிய அதே கணம் பந்து கையை விட்டுப் போய்விட்டது. அடுத்ததில் ஐந்து எட்டு, ஐந்தாவதில் பந்து இல்லை. பந்து கிளம்பும்போது அதைப் பிடிக்கப்போகிறவர் இன்னும் திரும்பிக்கூடப் பார்த்திருக்கவில்லை. பயிற்சியாளர் பில் வால்ஷ் அமைத்த முறை அது. குவாட்டர்பேக்கின் எட்டுகளும், பந்தைப் பிடிக்கும் ரிசீவரின் எட்டுகளும் ஒரே தாளத்தில் போகும். முதல் ஆள் இல்லையென்றால் இரண்டாவது ஆள், அவரும் இல்லையென்றால் மூன்றாவது ஆள். பார்வை மாறும்போது காலும் கூடவே திரும்பும். அன்றிலிருந்து நான் எந்தக் குவாட்டர்பேக்கையும் முதலில் கால் பார்த்துத்தான் எடைபோடுகிறேன். பயம் முதலில் இறங்குவது காலில்தான். கை அதற்குப் பிறகுதான் தடுமாறும்.

மான்டானாவின் கால் தடுமாறியதே இல்லையா என்றால், 1989 ஜனவரி 22-ஐத்தான் காட்டுவேன். மியாமி. சின்சினாட்டி பெங்கால்ஸ் 16, 49யர்ஸ் 13. நேரம் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல். பந்து 49யர்ஸின் சொந்த 8 யார்டு கோட்டில், அதாவது போக வேண்டியது 92 யார்டு. டிவி விளம்பர இடைவெளி. ஹடிலில், அதாவது அடுத்த நகர்வுக்கு முன் அணி கூடி நிற்கும் வட்டத்தில், எல்லோர் முகமும் இறுகியிருந்தது. ஹாரிஸ் பார்ட்டன் என்ற இளம் லைன்மேன் (குவாட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசைக்காரர்) பதற்றத்தில் துடித்துக்கொண்டிருந்தார். மான்டானா அவரைப் பார்த்து, கூட்டத்தில் ஒரு பக்கத்தைக் காட்டி, அங்கே நிற்பது ஜான் கேண்டிதானே என்று கேட்டார். நகைச்சுவை நடிகர் ஜான் கேண்டி. பதினோரு பேரும் ஒரு நொடி ஆட்டத்தை மறந்து அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்களாம்.

இந்தக் கதையை எல்லோரும் சொல்வார்கள். அதற்குப் பின் நடந்ததைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். 8 யார்டு, 7 யார்டு, 7 யார்டு என்று சின்னச் சின்னதாக நகர்த்திக்கொண்டே வந்தார். பாதி வழியில், கத்திக் கத்தி உத்தரவு கொடுத்ததில், மான்டானாவுக்கு மூச்சு வாங்கித் தலை சுற்றிவிட்டது. அந்த நிலையில் பந்து கையில் வந்தது. என்ன செய்தார்? ரிசீவர் ஜெர்ரி ரைஸ் தலைக்கு மேலே, யாருக்கும் எட்டாத இடத்தில், மைதானத்துக்கு வெளியே தூக்கிப் போட்டுவிட்டார். கணக்கில் அது வெறும் ஒரு தவறிய வீச்சு. எனக்கு அந்த முழு ஆட்டத்திலும் பிடித்த வீச்சு அதுதான். உடம்பு ஒத்துழைக்காத ஒரு நொடியிலும், எங்கே வீசக் கூடாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அடுத்ததில் தவறாட்டத்துக்கு 10 யார்டு தண்டனை. இப்போது பந்தைத் தக்கவைக்கவே 20 யார்டு வேண்டும். ரைஸுக்கு 27. அப்புறம் ஓட்டக்காரர் ராஜர் கிரேகுக்கு 8. மிச்சம் 10 யார்டு. ரைஸ் ஒரு பக்கமிருந்து இன்னொரு பக்கம் நகர, தடுப்பாட்டக்காரர்களின் கண்ணும் அவரோடு நகர்ந்தது. அன்று 11 முறை பிடித்து 215 யார்டு எடுத்தவர் மேல் கண் போகாமல் இருக்குமா? பந்து போனது இன்னொரு ரிசீவர் ஜான் டெய்லருக்கு. அந்த ஆட்டம் முழுக்க அவர் பிடித்த ஒரே பந்து அது. 34 நொடி மீதி. 20-16.

இதே ஆட்டத்தில் எனக்குப் பாதகமான ஒரு விஷயமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. கடைசிக் கால்பகுதியின் தொடக்கத்தில், கோல் எல்லைக்குள் மான்டானா வீசிய ஒரு பந்து நேராக பெங்கால்ஸின் லூயிஸ் பில்லப்ஸ் கைக்குப் போனது. அவர் நழுவவிட்டார். பிடித்திருந்தால் "ஒன்றுகூட இல்லை" என்ற என் கணக்கும் இல்லை, ஒருவேளை அந்தக் கோப்பையும் இல்லை. சரி, அதிர்ஷ்டம்தான். ஆனால் அடுத்த வீச்சிலேயே ரைஸுக்கு டச்டவுன் போட்டு ஆட்டத்தைச் சமன் செய்தார். தப்பிப் பிழைத்தவன் அடுத்த நொடி என்ன செய்கிறான் என்பதையும் பார்க்க வேண்டும் அல்லவா?

இனி பிராடி. 2017 பிப்ரவரி 5 அன்று நண்பர் வீட்டில் பதினைந்து பேர் உட்கார்ந்து பார்த்தோம். மூன்றாவது கால்பகுதியில் அட்லாண்டா ஃபால்கன்ஸ் 28, நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் 3. குழந்தைகளுக்குத் தூக்கம் வந்துவிட்டது, மறுநாள் திங்கள்கிழமை, இரண்டு குடும்பங்கள் செருப்பு மாட்டிக் கிளம்பிவிட்டன. மீதிப் பேர் சாப்பிட்ட தட்டோடு உட்கார்ந்திருந்தோம். கை காய்ந்துபோனது, கழுவ எழுந்திருக்கவில்லை. பேட்ரியட்ஸ் தொடர்ச்சியாக 31 புள்ளி எடுத்து, கூடுதல் நேரத்தில் 34-28. பிராடி 62 முறை வீசி 466 யார்டு. என் கண்ணால் பார்த்த விளையாட்டுகளில் அதுபோல் ஒன்றை நான் பார்த்ததில்லை. அன்றிரவு இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் பிராடி என்றுதான் சொல்லியிருப்பேன்.

பிறகு ஆற அமர யோசித்தேன். அந்த 28 எப்படி வந்தது? அதில் 7 பிராடி வீசிய பந்திலிருந்தே வந்தது. ராபர்ட் ஆல்ஃபோர்ட் பறித்து 82 யார்டு ஓடி டச்டவுன் போட்டார். கடைசியில் ஃபால்கன்ஸும் உதவினார்கள். 8 புள்ளி முன்னிலையில், ஃபீல்டு கோல் (பந்தை உதைத்து எடுக்கும் 3 புள்ளி) அடிக்கும் தூரத்தில் நின்றுகொண்டு, பந்தைக் கையில் வைத்து ஓடாமல் வீசப்போய், பின்னால் தள்ளப்பட்டு, அந்த வாய்ப்பை இழந்தார்கள். இன்னொரு விஷயமும் இருக்கிறது. பேட்ரியட்ஸுக்காக பிராடி ஆடிய 9 சூப்பர் பவுல்களிலும் முதல் கால்பகுதியில் அந்த அணி எடுத்த மொத்தப் புள்ளி எவ்வளவு தெரியுமா? 3. ஒன்பது ஆட்டத்துக்கும் சேர்த்து. 2012-இல் தன் முதல் வீச்சிலேயே, ஆள் இல்லாத இடத்தில் பந்தை எறிந்ததற்காக எதிரணிக்கு 2 புள்ளி கொடுத்தார், ஆட்டம் தோற்றது. 2019-இல் முதல் வீச்சே பறிபோனது, ஆட்டம் ஜெயித்தது. பள்ளத்தில் விழுந்து ஏறி வருவதில் அவரைப் போல் இன்னொருவர் பிறக்கவில்லை. ஆனால் ஒரே ஒரு ஆட்டத்தை வைத்துக்கொண்டு நான் பள்ளத்தையே வேண்டாம் என்கிறேன். வால்ஷ் ஆட்டத்தின் முதல் பதினைந்து நகர்வுகளை முந்தைய நாளே வரிசையாக எழுதி வைத்துவிடுவார், மான்டானா அதை மனப்பாடமாக நடத்திக் காட்டுவார். வால்ஷ் விலகிய பிறகும், 1990-இல் எல்வேயின் டென்வர் அணியை 55-10 என்று அடித்தபோது பாதி ஆட்டத்திலேயே 27-3. மான்டானா அன்று 5 டச்டவுன் வீசினார்.

"ரைஸ் கூட இருந்தால் யார்தான் ஜெயிக்க மாட்டார்கள்" என்பார்கள். 1982-இலும் 1985-இலும் ரைஸ் அணியிலேயே இல்லை. 1985-இல் எதிரே நின்றவர் டான் மரினோ. அந்த சீசனில் 48 டச்டவுனும் 5,084 யார்டும் வீசியவர், அதுவரை யாரும் கிட்டவே வராத கணக்கு. அன்று 38-16. மான்டானா 331 யார்டு வீசி, காலால் ஓடியே 59 யார்டு எடுத்தார்.

"1985 ஜனவரி வெற்றிக்குப் பின் வந்த 1985, 86, 87 மூன்று சீசனிலும் பிளேஆஃபின் (பட்டத்துக்கான வெளியேற்றச் சுற்றின்) முதல் ஆட்டத்திலேயே தோற்றாரே" என்றும் கேட்பார்கள். உண்மை. மூன்றாவதில் மினசோட்டாவுக்கு எதிராக அவரை வெளியே உட்காரவைத்து ஸ்டீவ் யங்கை இறக்கினார்கள். ஆனால் உங்கள் கேள்வி அந்த வழியைத் தாண்டி, இறுதி ஆட்டத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது. அங்கே வந்துவிட்ட மான்டானாவை யாரும் வீழ்த்தியதில்லை. அவர் ஆடிய காலத்தில் குவாட்டர்பேக்குக்கு இன்றைய பாதுகாப்பு விதிகளும் கிடையாது.

மற்றவர்களைப் பற்றிச் சுருக்கமாக: எல்வே ஐந்து இறுதியில் மூன்று தோல்வி. பெய்டன் மேனிங் எதிரணியைப் படிப்பதில் மேதை, ஆனால் 2014-இல் சியாட்டிலிடம் 43-8. மஹோம்ஸ் மூன்று ஜெயித்திருக்கிறார், 2020-இல் பத்துப் புள்ளி பின்தங்கி நின்று மீட்டதை மறக்க முடியாது. ஆனால் 2021-லும் 2025-லும் தன்னைக் காக்கும் முன்வரிசை உடைந்தபோது என்ன ஆனது என்பதையும் பார்த்தோம். ஆட்டோ கிரஹாமின் பெயரை நீங்கள் சொல்லவில்லை, சொல்லியிருக்க வேண்டும். 10 சீசன், பத்திலும் இறுதி ஆட்டம், 7 பட்டம். 1954 இறுதியில் மூன்று டச்டவுன் வீசி, மூன்று தானே ஓடிப் போட்டார். அந்தக் காலத்து லீக்கின் தரத்தை இன்றோடு எப்படி ஒப்பிடுவது என்று தெரியாமல்தான் தயங்குகிறேன்.

ஒரே ஒரு நிபந்தனை. ஆட்டம் எங்கே, எந்த மாதத்தில் என்று நீங்கள் சொல்லவில்லை. மான்டானா ஆடிய நான்கு இறுதிகளில் இரண்டு கூரை போட்ட மைதானத்தில், ஒன்று மியாமியில், ஒன்று ஸ்டான்ஃபோர்டில். ஆட்டம் க்ரீன் பேயில், டிசம்பர் கடைசியில் என்றால் என் பதில் மாறும். 1967 டிசம்பர் 31, லாம்போ ஃபீல்டு, மைனஸ் 25 டிகிரி செல்சியஸ். தரை பனிக்கட்டியாக உறைந்திருக்க, க்ரீன் பே குவாட்டர்பேக் பார்ட் ஸ்டாரை டாலஸ் அணி ஆட்கள் அன்று எட்டு முறை சாய்த்தார்கள். 17-14 என்று பின்தங்கி, கடைசி ஐந்து நிமிடத்துக்குள் 68 யார்டு நகர்த்திக்கொண்டு வந்தார். 16 நொடி மீதி, கோட்டுக்கு ஒரு யார்டுகூட இல்லை. ஓடுகிறவர்கள் கால் வழுக்குகிறது, நானே கொண்டுபோகிறேன் என்று பயிற்சியாளர் லொம்பார்டியிடம் சொன்னார். பந்து தனக்கு வரும் என்று காத்திருந்த கூட்டாளிகளிடம்கூட அதைச் சொல்லாமல், முன்வரிசைக்காரர் ஜெர்ரி கிரேமர் திறந்த இடுக்கில் பந்தை அணைத்துக்கொண்டு தானே விழுந்தார். அந்தக் குளிரில் ஸ்டார்தான். மற்ற எந்த ஊரிலும் மான்டானா.