கல்சுவருக்கு நடுவே ஒரு வழி: வாசகர் கேள்வி – பதில்

இங்கிலாந்தின் வடக்கே, யார்க்‌ஷயர் டேல்ஸ் தேசியப் பூங்காவில் மால்ஹம் கிராமத்தைச் சுற்றி நடப்பது பற்றி வந்த கேள்விகள் இவை. தேசியப் பூங்கா என்றதும் அடர்ந்த காட்டை நினைத்துக்கொள்ள வேண்டாம். 1954-ல் அறிவிக்கப்பட்ட இந்தப் பூங்காவில் பெரும்பகுதி, ஆடு மாடு மேயும் பண்ணை நிலம். டேல் என்றால் பள்ளத்தாக்கு.

மால்ஹம் அருகே மஞ்சள் அம்புக்குறியைப் பின்தொடர்ந்தோம். அது ஒரு பண்ணை வீட்டு முற்றத்துக்குள் கொண்டுபோய் விட்டது. தயங்கித் திரும்பிவிட்டோம். உள்ளே போயிருக்கலாமா? – வாசகி, லெஸ்டர்

தாராளமாகப் போயிருக்கலாம். மஞ்சள் அம்பு ‘பப்ளிக் ஃபுட்பாத்’தின் அடையாளம். நிலம் பண்ணைக்காரருடையது, அதன்மேல் நடந்து கடக்கும் உரிமை எல்லோருக்கும் உரியது. 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்த வழிகளெல்லாம் உள்ளாட்சியின் ‘டெஃபினிட்டிவ் மேப்’பில் பதிவாகியிருக்கின்றன. நிலம் பத்துக் கை மாறினாலும் வழி மாறாது. நீல அம்பு இருந்தால் அது பிரைடில்வே. அதில் குதிரையும் சைக்கிளும் வரலாம், மஞ்சள் அம்பு வழியில் அவற்றுக்கு உரிமை இல்லை.

பிரிட்டனின் தேசிய வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் (ஓ.எஸ்.) எக்ஸ்ப்ளோரர் வரிசையில் ஓ.எல். 2 என்ற வரைபடத்தை வாங்கிக்கொள்ளுங்கள். அளவு 1:25,000. வரைபடத்தின் 4 சென்டிமீட்டர் தரையில் ஒரு கிலோமீட்டர். பச்சையில் குட்டிக் கோடுகள் வரிசையாக இருந்தால் ஃபுட்பாத், நீளக் கோடுகள் என்றால் பிரைடில்வே. பலர் ஏமாறுவது கறுப்புக் கோடுகளிடம்தான். தரையில் ஒரு தடம் தெரிகிறது என்பதற்கு மேல் அவற்றுக்குப் பொருள் இல்லை, நடக்கும் உரிமையை அவை காட்டுவதில்லை. இளமஞ்சள் பூசிய பகுதி 2000-ஆம் ஆண்டுச் சட்டம் திறந்துவிட்ட நிலம். அங்கே பாதையை விட்டு விலகியும் நடக்கலாம்.

கேட் விஷயத்தில் ஒன்று. திறந்திருந்தால் திறந்தபடி விடுங்கள், மூடியிருந்தால் மூடிவிட்டுப் போங்கள். நல்ல மனதோடு திறந்த கேட்டைச் சாத்திவிடுகிறவர்களால்தான் தொல்லை அதிகம். பக்கத்து வயலில் தண்ணீர்த் தொட்டி இருக்கும், ஆடுகள் போய்க் குடிக்கட்டும் என்று பண்ணைக்காரர் வேண்டுமென்றே திறந்து வைத்திருப்பார். பூட்டிய கேட்டைத் தாண்டியே ஆகவேண்டும் என்றால் கீல் இருக்கும் பக்கமாக ஏறுங்கள். பூட்டுப் பக்கம் ஏறினால் உங்கள் எடையில் கேட் தொங்கிவிடும்.

கேட்டில் ஏறுவதற்குப் பதில் கல்சுவரைத் தாண்டிப் போனால் என்ன? இடுப்பு உயரம்தானே? – வாசகர், ஹாரோ

தயவுசெய்து வேண்டாம். அந்தச் சுவரில் சுண்ணாம்போ சிமென்டோ கிடையாது. இரண்டு சுவர்களை ஒன்றை ஒன்று பார்த்துச் சாய்த்து எழுப்புகிறார்கள். அடியில் அகலம், மேலே போகப் போகக் குறுகல். இரண்டுக்கும் நடுவே சில்லுக்கல்லைக் கையால் ஒவ்வொன்றாகப் பொதித்து நிரப்புகிறார்கள். இடையிடையே நீளமான கல்லைக் குறுக்கே போட்டு இரு பக்கத்தையும் பிணைக்கிறார்கள். உச்சியில் தலைக்கல் வரிசையாக உட்கார்ந்து எல்லாவற்றையும் அழுத்திப் பிடிக்கிறது. சாந்து இல்லாததே இதன் பலம். மழைநீர் உள்ளே தேங்காமல் வடிந்துவிடும், மண் இறங்கினால் சுவரும் கூடவே கொஞ்சம் அசைந்து கொடுக்கும்.

நீங்கள் ஏறும்போது ஒரு தலைக்கல் உருண்டால் போதும். அழுத்தம் போன இடத்தில் மழையும் உறைபனியும் நடுச்சில்லை இறக்கிவிடும். பிறகு சுவர் பக்கவாட்டில் வயிறு தள்ளும், ஒருநாள் அந்தப் பகுதி மொத்தமாகச் சரியும். சரிந்த இடத்தை மேலோடு ஒட்டவைக்க முடியாது. அடிக்கல்வரை பிரித்து, கற்களைப் பெரிது சிறிதாக ரகம் பிரித்து, மறுபடி கட்டவேண்டும். தேர்ந்த கைகளுக்கே இரண்டு மூன்று மீட்டருக்கு ஒரு நாள் பிடிக்கும். இந்தச் சுவர்களில் பெரும்பாலானவை 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், பொது மேய்ச்சல் நிலத்தைச் சட்டம் போட்டு அடைத்தபோது எழுந்தவை.

தாண்டுவதற்கென்றே சுவரில் ‘ஸ்டைல்’ இருக்கிறது. சில இடத்தில் சுவரிலிருந்து நீட்டிய கற்படிகள். சில இடத்தில் இரண்டு நெட்டுக்கல்லுக்கு நடுவே கால் நுழையும் சந்து. ஆடு அதில் புகமுடியாது. முதுகுப்பையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நுழைந்தால் சிக்காது.

ஒரே நாளில் மால்ஹமின் முக்கிய இடங்களைப் பார்க்க எந்த வரிசையில் நடக்கலாம்? எட்டு வயதுப் பையன் உடன் வருகிறான். – வாசகி, மான்செஸ்டர்

கிராமத்திலிருந்து முதலில் ஜேனட்ஸ் ஃபாஸ் அருவி, அடுத்து கார்டேல் ஸ்கார் மலையிடுக்கு. அங்கிருந்து கார்டேல் பாலத்துக்குத் திரும்பி, மேட்டில் ஏறும் பாதையில் மால்ஹம் கோவ் என்ற பாறைச் சுவரின் உச்சிக்கு வந்து, படியிறங்கிக் கிராமம். ஏறத்தாழ 8 கிலோமீட்டர். இங்கே நடப்பவர்கள் 1892-லிருந்து கைக்கொள்ளும் நெய்ஸ்மித் கணக்கு, 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். அதன்படி இந்தச் சுற்றுக்கு இரண்டு மணி நேரம்தான் வரும். அது நிற்காமல் நடப்பவருக்கான கணக்கு. குழந்தையோடு நான்கு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

கார்டேல் ஸ்காரில் வரைபடம் அருவிப் பாறை வழியே மேலே போகும் பாதையைக் காட்டும். அது கையும் காலும் ஊன்றி ஏறவேண்டிய இடம், தண்ணீர் அதிகமிருந்தால் யாருக்குமே உகந்ததல்ல. பையனோடு அங்கே ஏறவேண்டாம். ஜேனட்ஸ் ஃபாஸில் தண்ணீர் விழும் பாறையைக் கிட்டப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். பாசியின் மேலேயே கல் வளர்ந்திருக்கும். சுண்ணாம்பு கரைந்த நீர் சிதறும்போது கரியமில வாயு வெளியேறிவிடுகிறது, கரைந்திருந்த சுண்ணாம்பு பாசியில் படிந்து இறுகுகிறது. மே மாதமென்றால் அந்த ஓடைக்கரைத் தோப்பு முழுக்க வெள்ளைப் பூ, காட்டுப்பூண்டு வாசம்.

மால்ஹம் கோவ் அருவி குடைந்த பாறை என்கிறார்கள். அங்கே அருவியே இல்லையே? – வாசகர், சென்னை

ஒரு காலத்தில் இருந்தது. கோவ் என்பது வில்லாக வளைந்த சுண்ணாம்புப் பாறைச் சுவர். உயரம் சுமார் 80 மீட்டர், அகலம் சுமார் 300 மீட்டர். சுண்ணாம்புப் பாறை வெடிப்பு நிறைந்தது, தண்ணீரை மேலே ஓடவிடாது, விழுங்கிவிடும். பனியுக முடிவில் தரை உறைந்து வெடிப்புகளெல்லாம் அடைபட்டிருந்தன. உருகிய பனிநீர் மேலாகவே ஓடிவந்து இங்கே விழுந்தது. தரை இளகியதும் நீர் நிலத்தடிக்குப் போய்விட்டது. 2015 டிசம்பர் 6 அன்று, டெஸ்மண்ட் புயல் மழையில், நிலத்தடி கொள்ளாமல் நீர் மறுபடி உச்சியிலிருந்து விழுந்தது.

மேலே 377 மீட்டர் உயரத்தில் மால்ஹம் டார்ன் ஏரி இருக்கிறது. அதனடியில் நீர் இறங்காத ஸ்லேட் பாறை என்பதால்தான் ஏரி நிற்கிறது. அதிலிருந்து கிளம்பும் ஓடை சுண்ணாம்பைத் தொட்டதும் தரைக்குள் மறைகிறது. அதுதான் கோவின் அடியில் வருகிறது என்று நினைக்கத் தோன்றும். ஓடையில் சாயம் விட்டுச் சோதித்தபோது அது கிராமத்துக்கும் தெற்கே ஏர்ஹெட் ஊற்றில் எழுந்தது. கோவின் அடியில் முக்கியமாக வருவது வேறோர் ஓடை.

உச்சியில் பாறைத்தளம் பாளம் பாளமாக வெடித்திருக்கும். பாளத்துக்கு கிளின்ட், வெடிப்புக்கு கிரைக் என்று பெயர். குனிந்து ஒரு கிரைக்குக்குள் பாருங்கள். வெளியே காற்றில் புல்கூட நெருங்கி முளைக்காத இடத்தில், உள்ளே ஈர நிழலில், நாக்குப்போல நீண்ட பெரணி இலை பளபளவென்று நிற்கும். ஆட்டின் வாய் எட்டாததால் பிழைத்த செடி அது. கவனம்: மழை நனைத்தால் கிளின்ட் எண்ணெய் தடவியதுபோல வழுக்கும், கிரைக்கில் கால் சிக்கினால் கணுக்கால் போய்விடும். ஈரமான நாளில் பாளத்தின் மேல் ஏறாமல் ஓரமாகச் சுற்றிப் போங்கள்.

மேட்டுப் புல்வெளியில் வளைந்த நீள அலகுள்ள பறவை தலைக்கு மேலேயே கத்திக்கொண்டு சுற்றியது. ஏன்? – வாசகர், லீட்ஸ்

அது கர்லூ. கோடியக்கரைக்குக் குளிர்காலத்தில் வருமே, பெரிய கோட்டான், அதே இனம். அங்கே வருபவை ஆசியாவின் வடபுறத்தில் பிறந்தவை. நீங்கள் பார்த்தது இங்கேயே கூடுகட்டும் பறவை. உலகில் முட்டையிடும் கர்லூக்களில் நான்கில் ஒரு பங்குவரை பிரிட்டனில்தான், அதுவும் வேகமாகக் குறைந்துவருகிறது. தரையில் புல்லுக்குள் நான்கு முட்டை இட்டு ஏறத்தாழ நான்கு வாரம் அடைகாக்கும். தலைக்கு மேல் கத்துகிறது என்றால் முட்டையோ குஞ்சோ பக்கத்தில் இருக்கிறது. நின்று படமெடுக்காதீர்கள். நீங்கள் நிற்கும் நேரமெல்லாம் முட்டை குளிர்கிறது, காக்கை பார்த்துக்கொண்டிருக்கிறது. பாதையிலேயே நடையைக் கட்டுங்கள். கொண்டை வைத்த லாப்விங்குக்கும் இதேதான். அது நம் ஆள்காட்டிக் குருவியின் உறவு.

நாய் இருந்தால், திறந்த நிலத்தில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை 2 மீட்டருக்கு மேற்படாத கயிற்றில் பிடிக்கவேண்டும் என்பது சட்டம். கால்நடை அருகில் இருந்தால் வருடம் முழுக்க.

மாடுகள் துரத்தினால்? – வாசகி, பர்மிங்ஹாம்

ஆபத்து பெரும்பாலும் காளையைவிடக் கன்றோடு இருக்கும் பசுவிடம்தான். தாய்க்கும் கன்றுக்கும் நடுவே போகவே கூடாது. கன்றுகள் பாதையை அடைத்து நின்றால் விலகிச் சுற்றிப் போய் மறுபடி பாதையில் சேருங்கள். மாடு நெருங்கினால் ஓடாதீர்கள், அதன் பக்கம் முகம்காட்டி அமைதியாக நகருங்கள். நாய் இருந்தால் கயிற்றை விட்டுவிடுங்கள். மாடு துரத்துவது நாயை, அது ஓடித் தப்பித்துவிடும். பிடித்துக்கொண்டே நின்றவர்கள்தான் மிதிபடுகிறார்கள்.

அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது? மொபைல் சிக்னல் கிடைக்குமா? – வாசகர், ஸ்லவ்

பள்ளத்தாக்குகளில் பல இடத்தில் கிடைக்காது. கிடைத்தால் 999-ல் முதலில் போலீஸ், பிறகு ‘மவுண்டன் ரெஸ்க்யூ’ என்று கேளுங்கள். வருபவர்கள் தொண்டர்கள், கட்டணம் இல்லை. பேச முடியாத பலவீனமான சிக்னலில் குறுஞ்செய்தி போகும். அதற்கு வீட்டிலேயே ‘ரெஜிஸ்டர்’ என்ற ஆங்கிலச் சொல்லை 999-க்கு அனுப்பிப் பதிந்துகொள்ள வேண்டும். அதுவும் இல்லையென்றால் விசில்: ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஆறு. பதில் வந்த பிறகும் அவர்கள் உங்களை வந்து சேரும்வரை ஊதிக்கொண்டே இருங்கள்.